பழைய வகுப்பு கூப்பிடுகிறது: முழு நாளா, அரை நாளா, போகாமலே இருப்பதா?

பள்ளியை விட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது என்றால் உங்கள் நம்பரையும் யாரோ ஒருவர் தேடிப் பிடித்துவிடுவார். ஒருநாள் காலையில் பார்த்தால் '2000 பேட்ச்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பீர்கள். முதல் வாரம் "டேய், நீயா?", "இன்னாடா, ஆளே மாறிட்ட" என்று ஓடும். மங்கிப்போன குரூப் போட்டோவில் ஒரு தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு "இது யாருன்னு சொல்லு" என்பார்கள். அப்புறம் போஸ்டர் வரும்: தேதி, இடம், ஆளுக்கு 2000 ரூபாய், ஜிபே நம்பர். அதுவரை சத்தமாக இருந்த குரூப் அன்று மதியத்திலிருந்து கொஞ்சம் அடங்கிவிடும்.

அப்படி அடங்கிப்போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதிலும் வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் மாநகராட்சிப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தவர்களுக்கு. பெரிய கான்வென்ட்டுகளுக்கு முன்னாள் மாணவர் சங்கம், வருடச் சந்தா, மலர் வெளியீடு எல்லாம் இருக்கும். நம் பள்ளிகளில் யாராவது ரெண்டு பேர் தூக்கம் கெட்டு அலைந்தால்தான் ஒரு சந்திப்பு நடக்கும்.

போவதா, வேண்டாமா என்று ரெண்டே வழி இருப்பதாக நினைத்துத்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். எனக்குத் தெரிந்து நாலு வழி இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் முழு நாள். பள்ளிக்கூடத்திலேயே அரை நாள். வேண்டிய நாலைந்து பேர் மட்டும் தனியாகச் சந்திப்பது. போகாமலே இருப்பது. நாலிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த முடிவை உங்கள் சம்பளமும் தொப்பையும் எடுக்க விடாதீர்கள். யாரைப் பார்க்க ஆசைப்படுகிறேன், அந்த ஆள் அந்த இடத்துக்கு வர முடியுமா என்று முதலில் யோசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ரிசார்ட் யோசனை பெரும்பாலும் நன்றாகச் சம்பாதிக்கும் ஐந்தாறு பேரிடமிருந்து வரும். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். "வாழ்க்கைல ஒரு தடவை, நல்லா செய்வோம்டா." நீச்சல் குளம், பஃபே சாப்பாடு, ஒரே கலர் டி-ஷர்ட், ராத்திரி டிஜே. இதில் ஒரு பெரிய வசதி இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: யாரும் பாதியில் கிளம்ப முடியாது. நாலு பேர் உட்கார்ந்து பழைய கதை பேசி முடித்த பிறகுதான் உண்மையான கதை வெளியே வரும். கடன், டைவர்ஸ், பையன் பேச மாட்டேன் என்கிறான் என்பதெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வருகிற பேச்சு. பள்ளி வராந்தாவில் மத்தியான வெயிலில் அது வராது.

ஆனால் தூரத்தைப் பாருங்கள். திருவொற்றியூரிலிருந்து கோவளத்துக்கே சுமார் 50 கிலோமீட்டர். மாமல்லபுரம் என்றால் இன்னும் கூட. ரயில் கிடையாது. சொந்தக் கார் இருந்தால் சுலபம், இல்லாவிட்டால் பஸ், அல்லது வேன். வேனில் ஏறினால் வேன் திரும்பும்போதுதான் நீங்களும் திரும்பலாம். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் வகுப்புத் தோழனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தின் பெரிய வியாபாரம். விடியற்காலையிலிருந்து துறைமுகத்தில் நிற்பவன் பத்து மணிக்கு மேல் குளித்துவிட்டுத் தண்டையார்பேட்டை வரை வருவான், கோவளம் வர மாட்டான். ஆட்டோ ஓட்டுபவருக்கும் ஹார்பரில் ஷிப்டு பார்ப்பவருக்கும் இதே கதைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆற்றோரம், சாலையோரம் குடிசைகளில் இருந்த குடும்பங்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பின்னால் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். உங்கள் வகுப்பில் இருந்த ஒருவர் இன்று அங்கே இருந்தால் அவருக்கு ஈ.சி.ஆர். பக்கம்தான். அவரைத் தடுப்பது தூரம் இல்லை, போஸ்டரில் போட்ட தொகை. அதோடு ஒரு நாள் கூலியும் போகும். "கஷ்டம்னா அட்மின்கிட்ட தனியா சொல்லுங்க, பாத்துக்கலாம்" என்று குரூப்பில் போடுவார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். "அன்னிக்கு ஊர்ல ஒரு விசேஷம் மச்சி" என்றுதான் பதில் வரும்.

இதற்குக் கல்யாண வீட்டு வழக்கமே நல்ல வழி. வாசலில் ஒரு உண்டியல், பெயர் எழுதாத கவர். முடிந்தவர் ஐயாயிரம் வைக்கட்டும், முடியாதவர் வெறும் கவரைப் போடட்டும். ரிசார்ட்டுக்கு இது ஒத்துவராது, அங்கே தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்ட வேண்டும். பள்ளியில் வைத்தால் ஒத்துவரும்.

நான் பள்ளி பக்கம் சாய்கிறேன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். முதல் காரணம் வெறும் போக்குவரத்துதான். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. விமான நிலையத்தில் ஏறினால் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூர் தேரடியிலோ வண்டி மாறாமல் இறங்கலாம். துபாயிலிருந்து வருகிறவனும் தாம்பரம் பக்கம் குடிபோனவனும் ஒரே ரயிலில் வரலாம். டோல்கேட் போகிற பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தவர்களுக்கு அந்தப் பயணமே ஒரு வேடிக்கையாக இருக்கும்.

ரெண்டாவது காரணம், பள்ளியில் யாரும் யாருக்கும் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. ரிசார்ட் வாசலில் எந்தக் காரில் வந்து இறங்குகிறோம் என்பது முதலில் கண்ணில் படும். பள்ளியில் கார் நிறுத்த இடமே இருக்காது. உள்ளே போனதும் ஒரு ஸ்டிக்கரில் பெயரையும் செக்‌ஷனையும் எழுதிச் சட்டையில் ஒட்டிவிடுவார்கள். அன்று முழுக்க எல்லோரும் முதலில் உங்கள் நெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். பெயரைப் படித்த பிறகு, "சைக்கிள் டியூப்ல காத்து புடுங்கி வுட்டவன்தானே நீ?" என்று ஆரம்பிக்கும். உங்கள் பதவி, கம்பெனி எல்லாம் அந்த ஸ்டிக்கரில் ஏறாது. வகுப்பறைக்குள் போய்ப் பழைய இடத்தில் உட்காரச் சொல்வார்கள். எண்பது கிலோ ஆள் ரெண்டு பேர் அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்காது, அன்றைக்கு அஞ்சு பேர் உட்கார்ந்த பெஞ்ச் அது. வகுப்பாசிரியர் வந்திருந்தால் அட்டெண்டன்ஸ் எடுப்பார். சில பெயருக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கொரோனாவில் போனவர், விபத்தில் போனவர், குடியில் போனவர் என்று பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொல்வார். அமைப்பாளர்கள் இதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒருவர் இறந்த செய்தியை அவருடைய நெருங்கிய சிநேகிதன் அந்த இடத்தில்தான் முதல்முதலாகக் கேட்கிறான் என்று ஆகக் கூடாது.

ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2000-ல் நாற்பத்தைந்து வயதில் இருந்த சாருக்கு இப்போது எழுபது. மாடி ஏற முடியாது. கீழ்த்தளத்தில் நாற்காலி போடுங்கள், வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். பொன்னாடையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்த நினைவுப் பரிசும் அதற்கு அப்புறம்தான். பாதிப் பேருக்கு அந்தப் பரிசை வைக்க வீட்டில் இடமே இருக்காது.

பள்ளிச் சந்திப்பின் கோளாறுகளையும் சொல்லிவிட வேண்டும். பேச்சு. மைக் கிடைத்தால் விடாதவர்கள் எல்லா பேட்சிலும் மூன்று பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் இப்போது ஏதாவது கட்சியில் வட்டப் பொறுப்பில் இருப்பார். காலை முழுக்க அதில் போய்விடும். அப்புறம் அனுமதி. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். தேர்வு மையமாக இருந்தால் சில ஞாயிறுகளில் கிடைக்காது. குடியரசு தினமும் சுதந்திர தினமும் வசதியான நாட்கள், கொடியேற்றத்துக்காகப் பள்ளி எப்படியும் திறந்திருக்கும். நவம்பர், டிசம்பரில் தேதி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். ஒரு ராத்திரி கனமழை பெய்தால் வியாசர்பாடி சுரங்கப்பாதைகளின் கதி என்ன என்று அங்கேயே வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் பேச்சு வரும். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களும் மற்றவர்களும் உதவுவதற்காக 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. எந்த வழியில் கொடுத்தாலும் முதலில் தலைமையாசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்காமல் கொடுத்தால் மூன்றாவது பீரோவாகத்தான் போய்ச் சேரும். மதியம் பொழுதுபோக டிஜே தேவையில்லை. ரெண்டு கேரம் போர்டு, ஒரு டப்பா பவுடர் போதும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இந்த ஊர்க்காரர்களுக்குக் கேரம் போர்டைச் சுற்றி நின்றால் வாய் தானாகத் திறக்கும்.

இனி முக்கியமான ஒன்று. 'பேட்ச்' என்று யாரைச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த வருடத்தை வைத்துத்தான் பட்டியல் போடுவார்கள். அப்போது பத்தாவதோடு நின்றவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். நம் பக்கத்துப் பள்ளிகளில் அது சின்ன எண்ணிக்கை இல்லை. ஒருவன் லேத் பட்டறைக்குப் போயிருப்பான், ஒருவன் அப்பாவோடு கடலுக்கு, ஒருவன் பிரிண்டிங் பிரஸ்ஸுக்கு. பள்ளிக்காகப் பந்தாடிய டீமில் பாதிப் பேர் அவர்களாகத்தான் இருப்பார்கள். உங்கள் ஆறாவது முதல் பத்தாவது வரையிலான நினைவில் வருகிற முகங்களும் அவர்களுடையதுதான். அவர்கள் இல்லாமல், ஃபர்ஸ்ட் குரூப்பில் ரெண்டே வருடம் கூடப் படித்தவர்கள் மட்டும் கூடினால் அது வேறு ஒரு கூட்டம். ஆகவே வருகிறேன் என்று சொல்வதற்கு முன்னால் அமைப்பாளருக்கு ஒரு போன் போட்டு, "டென்த்தோட நின்னவங்களைக் கூப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். "அவங்க நம்பர் கிடைக்கல" என்றால் தேடித் தருவதாகச் சொல்லுங்கள். நாலு தெருவில் விசாரித்தால் கிடைத்துவிடும். "அவங்க எதுக்குடா" என்றால் உங்களுக்கு முடிவு எடுப்பது சுலபம். பிளஸ் டூவில் 1200-க்கு எவ்வளவு என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கும் குரூப்புகள் உண்டு. 2017-ல் அரசே ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது, இவர்கள் நிறுத்தவில்லை.

பெண்கள் பள்ளியில் படித்தவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. முதலில் கண்டுபிடிப்பதே கஷ்டம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும், ஃபேஸ்புக்கில் புரொஃபைல் படமாகக் குழந்தையோ சாமியோ இருக்கும். அம்மா வீடு இன்னும் அதே தெருவில் இருந்தால்தான் நம்பர் கிடைக்கும். கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு வருவதற்கு எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு ரிசார்ட் என்ற பேச்சே வேண்டாம். காலை பத்திலிருந்து மூன்று வரை, பள்ளியில், குழந்தையைக் கூட்டி வரலாம் என்று சொன்னால் கூட்டம் வரும். ஆண்கள் குடும்பத்தோடு வரும் சந்திப்பில் அவரவர் குடும்பத்தோடு தனித்தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போய்விடுவார்கள், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் குழந்தையோடு வந்தால்தான் வர முடியும் என்ற நிலையில் இருப்பவரிடம் அந்த நியாயத்தைப் பேச முடியாது.

மூன்றாவது வழி, நாலைந்து பேர் தனியாகச் சந்திப்பது. செலவு கிட்டத்தட்ட இல்லை. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரில் இரண்டாவது கடற்கரைச் சாலையில் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டு, வாழைத்தண்டு சூப் குடித்துவிட்டு நிற்கலாம். இல்லை என்றால் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் உட்காரலாம். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் மழையோடு நடந்த இடம் அது. நாலு பேர் உட்கார்ந்து பேச யாரும் காசு கேட்க மாட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும், கூட்டத்தில் தலைவலி வருபவர்களுக்கும் இதுதான் சரி. ரிசார்ட் மட்டுமே திட்டம் என்று குரூப் பிடிவாதமாக இருந்தாலும் இதுதான் சரி.

இதில் ஒன்றே ஒன்று கிடைக்காது. நீங்கள் கூப்பிடும் நாலு பேர் எப்படியும் உங்களோடு தொடர்பில் இருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பெரிய கூட்டத்தில் கிடைக்கும் லாபம், நீங்கள் மறந்தே போன நடு பெஞ்ச் ஆட்களிடம் இருக்கிறது. வேலை கிடைத்தவர்களில் பலருக்கு அந்தத் தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் மூலமாகத்தான் வந்தது என்று அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-ல் எழுதினார். வேலைக்கு மட்டும் இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஒரு வகுப்புத் தோழி, ஈ.பி.யில் லைன்மேனாக ஒருவன், ஹார்பரில் கிளியரிங் ஏஜென்ட்டாக ஒருவன் என்று தெரிந்து வைத்திருப்பது ராத்திரி ரெண்டு மணிக்கு உதவும். அதே கதவு வழியாக இன்ஷூரன்ஸ் பாலிசியும், செங்குன்றத்துக்கு அப்பால் பிளாட்டும், ஏலச்சீட்டும், கைமாத்தும் உள்ளே வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். முதல் மூன்று மாதம் பணம் சம்பந்தமான எதற்கும் சரி என்று சொல்லாதீர்கள்.

கடைசி வழி, போகாமல் இருப்பது. நல்ல காரணங்கள் இருக்கின்றன. உங்களை நிறத்தைச் சொல்லியோ சாதியைச் சொல்லியோ உடம்பைச் சொல்லியோ பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவன், குரூப்பில் சேர்ந்த முதல் நாளே அதே பெயரைச் சொல்லி ஸ்மைலி போட்டால், நீங்கள் அங்கே போய்ச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. உங்களை ரத்தம் வர அடித்த வாத்தியாருக்கு மாலை போடும்போது கைதட்டவும் வேண்டாம். புதிதாக வேலை போயிருக்கிறது, வீட்டில் சாவு, பிரிவு, குழந்தை இல்லை என்று பத்துப் பேர் பத்துத் தடவை கேட்பதைத் தாங்கும் நிலையில் இல்லை என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். குரூப் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெளியேற வேண்டும் என்றாலும் இப்போது சுலபம்: 2022-க்குப் பிறகு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் முன்பு இருந்தவர்கள் பட்டியலைத் தோண்டிப் பார்ப்பவருக்கு அறுபது நாள் வரை தெரியும்.

"நான் ஒண்ணும் பெருசா சாதிக்கல" என்பதை மட்டும் நல்ல காரணமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பத்தாவது வருடச் சந்திப்பு என்றால் ஒப்புக்கொள்வேன். அப்போது எல்லோரும் முப்பதுக்குள் இருப்பார்கள், யாருக்கு என்ன சம்பளம், யாருக்கு ஆன்சைட் என்பதுதான் பேச்சு. இருபத்தைந்தாவது வருடத்தில் சுகர், முட்டி வலி, பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ், அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று பேச்சு இறங்கி வந்துவிடும். அந்தப் பேச்சில் மேனேஜரும் மெக்கானிக்கும் ஒரே வரிசை.

ஆக, பள்ளியில் அரை நாள் என்றால் போய் வாருங்கள், மாலை நிகழ்ச்சி வேறு இடத்தில் தொடர்ந்தாலும் அதற்குப் போகாமல் வீட்டுக்கு வரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பள்ளி கிடைக்காவிட்டால் அதே ஏரியாவில் ஒரு சின்ன மண்டபம் பார்க்கச் சொல்லுங்கள். ரிசார்ட் மட்டும்தான் என்றால், நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் அங்கே வருவது உறுதியாகத் தெரிந்தால் போங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு அத்தோ கடைக்குப் போங்கள்.

எதுவானாலும் பதிலை இழுக்காமல் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்", "ட்ரை பண்றேன்" என்று போடுவதுதான் அமைப்பாளரின் உயிரை எடுக்கும். ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும். ஆள் கணக்கு வைத்துத்தான் மாஸ்டரிடம் ஆர்டர் கொடுக்க முடியும், ஞாயிற்றுக்கிழமைக்கு வியாழக்கிழமையே சொல்லியாக வேண்டும். "காலைல வரேன், சாப்ட்டுட்டு கிளம்பிடுவேன்" என்றோ, "இந்தத் தடவை வரல" என்றோ புதன்கிழமைக்குள் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.